உடைந்த சன்ரூஃப் கண்ணாடியை மாற்றும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சன்ரூஃப் உடைந்ததும் எல்லோரும் முதலில் விசாரிப்பது கண்ணாடி எங்கே கிடைக்கும் என்றுதான். அது எப்படியாவது கிடைத்துவிடும். பல கார்களில் அதை நான்கைந்து ஸ்க்ரூவில் மாட்டியும் விடலாம். ஆளை அலைய வைப்பது மற்றதெல்லாம்: கண்ணாடி ஓடும் ரெயிலுக்குள் விழுந்த துகள், தப்பான பார்ட் நம்பர், ஒரு மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நிற்கும் ஓரம். என் காரில் உடைந்தபோது இந்த மூன்றில் இரண்டில் நான் மாட்டிக்கொண்டேன். அதிலிருந்து தெரிந்தவர் யாருக்குச் சன்ரூஃப் உடைந்தாலும் எனக்குப் போன் வருகிறது. அவர்கள் கேட்டவையும் நான் சொன்னவையும் கீழே.

கண்ணாடி உடைந்துவிட்டது. முதல் வேலை என்ன?

சுவிட்சைத் தொடாமல் இருப்பது. கை தன்னால் அங்கேதான் போகும். மூடி வைப்போம், திறந்து பார்ப்போம் என்று தோன்றும். வேண்டாம். சன்ரூஃப் கண்ணாடி இரண்டு பக்கமும் ரெயிலில் ஓடுகிறது. மோட்டார் ஒரு கேபிளைத் தள்ளியும் இழுத்தும் அதை நகர்த்துகிறது. கண்ணாடி உடைந்தால் துகள் முதலில் விழும் இடமே அந்த ரெயில். அங்கே கிரீஸ் வேறு இருக்கும். துகளும் கிரீஸும் சேர்ந்தால் உப்புத்தாள்தான். அதன் மேல் ஒரு தடவை ஓட்டினாலே போதும், நகரும் பிளாஸ்டிக் பாகங்கள் கீறிவிடும் அல்லது சிக்கி உடையும். கண்ணாடி மட்டும் மாற்றினால் முடிந்திருக்கும் வேலை, மொத்த ஃபிரேமையும் இறக்கும் வேலையாகிவிடும்.

நான் அதைத்தான் செய்தேன். அரை நொடி அழுத்தியிருப்பேன். பல்லுக்குள் மணல் அகப்பட்டதுபோல கரகரவென்று ஒரு சத்தம். அந்த அரை நொடிக்கு ஒரு பக்கத்து ரெயில் பாகங்களை மாற்ற வேண்டியதாயிற்று.

உள்ளே வெயிலை மறைக்கும் ஷேடையும் அப்படியே விடுங்கள். மூடியிருந்தால் பாதிக் கண்ணாடி அதன் மேல்தான் கிடக்கும். இழுத்தால் மடியில் கொட்டும். அப்புறம் எதையும் கலைப்பதற்கு முன் போட்டோ எடுங்கள். மேலிருந்து ஒன்று, நான்கு ஓரமும் தனித்தனியாக, உள்ளேயிருந்து ஒன்று. இது எதற்கு என்று பின்னால் வருகிறது.

ஓடிக்கொண்டிருக்கும்போது உடைந்தால்?

வெடிச் சத்தம்போல் கேட்கும். டயர் வெடித்ததாகத்தான் பலர் நினைக்கிறார்கள். திடீர் பிரேக் போடாதீர்கள். ஷேடு மேல் கிடக்கும் கண்ணாடி முன்னால் சரிந்து வரும். மேலே நிமிர்ந்தும் பார்க்க வேண்டாம். வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்துங்கள். அதுவரை ஜன்னல்களை இறக்காமல் இருப்பது நல்லது, உள்ளே காற்று சுழன்றால் தொங்கிக்கொண்டிருக்கும் துண்டுகளும் உதிரும். இறங்கியதும் சட்டையை உதறுங்கள், தலையை முன்னால் குனிந்து உதறுங்கள். கண்ணை மட்டும் கசக்க வேண்டாம். குழந்தைகள் இருந்தால் இதை முதலில் அவர்களுக்குச் சொல்லுங்கள்.

கல் எதுவும் படவில்லையே, நின்றிருந்த காரில் தானாக எப்படி உடையும்?

உடையும். யாரும் நம்ப மறுக்கும் விஷயம் இது. "நிச்சயமாக யாரோ கல்லெறிந்திருக்கிறார்கள்" என்று அக்கம்பக்கத்தோடு சண்டைக்குப் போனவரைக்கூட எனக்குத் தெரியும்.

பெரும்பாலான சன்ரூஃப்களில் இருப்பது டெம்பர்டு கண்ணாடி. சாதாரணக் கண்ணாடியை 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, இரண்டு பக்கமும் காற்றைப் பீய்ச்சிச் சட்டென்று குளிர வைப்பார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிடும். உள்பகுதி அதற்குப் பிறகுதான் ஆறிச் சுருங்கும், சுருங்கும்போது மேற்பரப்பையும் தன்னோடு இழுக்கும். ஆக வெளித்தோல் எப்போதும் அழுத்தத்திலும் உள்ளே எப்போதும் இழுவிசையிலும் இருக்கும். அந்தத் தோல்தான் அதன் பலம். ஒரு பக்கத்தில் அதன் ஆழம் மொத்தத் தடிமனில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு. நான்கைந்து மில்லிமீட்டர் கண்ணாடி என்றால் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குள்தான். அந்த ஆழத்தைத் தாண்டி ஒரு கீறல் போனால், உள்ளே அடைபட்டிருக்கும் இழுவிசை ஒரே நொடியில் விடுபட்டு மொத்தக் கண்ணாடியும் மணிமணியாக நொறுங்கும்.

இதில் கவனிக்க வேண்டியது, அடியும் உடைப்பும் ஒரே நாளில் நடக்க வேண்டியதில்லை என்பது. முன்னால் போன லாரி தெறிக்கவிட்ட சின்னக் கல் போன மாதம் ஒரு பொட்டுப் போட்டிருக்கும். வெயில், மழை, மேடு பள்ளம் என்று வளர்ந்து வளர்ந்து, இன்றைக்கு நிழலில் நிற்கும்போது அந்த எல்லையைத் தொடும். கண்ணாடியின் விளிம்பு இன்னும் பலவீனமான இடம். ஃபிட்டிங்கின்போது விளிம்பில் பட்ட சின்னத் தட்டு, ஃபிரேம் லேசாகத் திருகியிருப்பது, ஒரு ஸ்க்ரூவை மட்டும் அதிகமாக இறுக்கியிருப்பது எல்லாமே காரணமாகலாம். ஓரத்தில் கறுப்பாக ஒரு பட்டை தெரிகிறதே, அது பெயின்ட் அல்ல. கண்ணாடியோடு சேர்த்துச் சுட்ட பீங்கான் பூச்சு. அந்தப் பூச்சு இருக்கும் பகுதி மற்ற இடத்தைவிட வலுக் குறைந்தது. இவை தவிர, கண்ணாடிக்குள் மாட்டிக்கொண்ட நிக்கல் சல்ஃபைடு துணுக்கு வருடக்கணக்கில் மெல்லப் பெருத்து உள்ளேயிருந்தே உடைப்பதும் உண்டு. அது உயரமான கட்டடங்களின் கண்ணாடிகளில் பேர்போன காரணம்.

வெளிப்பக்கமாகப் புடைத்துக்கொண்டு நிற்கிறதே, உள்ளேயிருந்து ஏதோ வெடித்ததா?

இல்லை. நொறுங்கும்போது துண்டுகளுக்கு நடுவே இடைவெளி விழுந்து, கண்ணாடி மொத்தத்தில் கொஞ்சம் பெரிதாகிறது. ஓரத்தில் ஃபிரேம் பிடித்துக்கொண்டிருப்பதால் பக்கவாட்டில் போக வழியில்லை. ஏற்கெனவே மேல்நோக்கி வளைந்த கண்ணாடி என்பதால் மேலேதான் எழும்பும்.

விரிசல்தானே விட்டிருக்கிறது, ஒட்டிச் சமாளிக்க முடியாதா?

டெம்பர்டு என்றால் விரிசல் என்ற நிலையே கிடையாது. ஒன்று முழுசாக இருக்கும், இல்லை மொத்தமாக நொறுங்கியிருக்கும். ஒரே ஒரு கோடு ஓடி மற்ற இடம் அப்படியே இருந்தால் அது லேமினேட்டட் கண்ணாடி: நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய இரண்டு கண்ணாடிகள், முன்கண்ணாடி போலவே. அதில் காசு அளவுக்குள் ஒரு பொட்டு விழுந்திருந்தால் பிசின் நிரப்பிப் பார்க்கலாம். கோடு விளிம்பைத் தொட்டுவிட்டால் மாற்றுவதுதான் வழி.

என் காரில் எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்ணாடியின் ஒரு மூலையில் சிறிய எழுத்தில் ஒரு முத்திரை இருக்கும். பெரும்பாலும் டெம்பர்டு, லேமினேட்டட் என்று ஆங்கிலத்தில் எழுதியே இருக்கும். வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருந்தால் அது ஐநா ஒழுங்குமுறை 43இன்படி பெற்ற அங்கீகாரம். அந்த எண் அங்கீகாரம் கொடுத்த நாட்டைக் குறிக்கும்; 1 என்றால் ஜெர்மனி, 2 என்றால் பிரான்ஸ். பக்கத்தில் ரோமன் ஐந்து இருந்தால், வெளிச்சத்தில் 70 சதவீதத்துக்கும் குறைவாகவே உள்ளே விடும் இருண்ட கண்ணாடி என்று பொருள். சன்ரூஃபில் இது அடிக்கடி தென்படும்.

நொறுங்கிப் போனாலும் முத்திரை உள்ள துண்டைத் தேடி எடுத்து ஒரு கவரில் போட்டு வையுங்கள். புதுக் கண்ணாடி வாங்கும்போது அந்த ஒரு துண்டு பத்து போன் பேச்சை மிச்சப்படுத்தும்.

புதுக் கண்ணாடி வரும்வரை எப்படி மூடி வைப்பது?

முதலில் ஆடிக்கொண்டிருக்கும் துண்டுகளை எடுத்துவிடுங்கள். கனமான கையுறை போட்டுக்கொண்டு, கீழே சீட்டுகளின் மேல் பழைய போர்வை விரித்து, மேலிருந்து எடுக்க வேண்டும். உள்ளேயிருந்து தட்டிவிடக் கூடாது. நொறுங்கியும் விழாமல் நிற்கிறது என்றால், எடுப்பதற்கு முன் மேலே அகலமான டேப்பை வரிசையாக ஒட்டினால் துண்டு துண்டாகக் கொட்டாமல் பாளம் பாளமாக வரும்.

அப்புறம் கெட்டியான பிளாஸ்டிக் ஷீட். முன்பக்கம் நன்றாக இழுத்து ஒட்ட வேண்டும், காற்று அங்கேதான் நுழையும். பேக்கிங் டேப்பை நேராகப் பெயின்டின் மேல் ஒட்டி நாலு நாள் வெயிலில் விட்டால் பசை உருகி ஏறிவிடும். சுலபமாக உரியும் பெயின்டர் டேப்பை அடியில் ஒட்டி அதன்மேல் மற்றதை ஒட்டுங்கள். கண்ணாடியைச் சுற்றி இருக்கும் ரப்பர் பீடிங் மேல் டேப்பே படக் கூடாது. இது வண்டி நிற்கும்போது மழைக்குத் தாங்கும். வேகமாக ஓட்டினால் படபடவென்று அடித்துப் பறந்துவிடும், பின்னால் வருகிறவரின் முன்கண்ணாடியில் போய் ஒட்டும்.

அட்டையை வைக்காதீர்கள். ஒரு மழைக்கு ஊறித் தொங்கும்.

இன்சூரன்ஸில் கிடைக்குமா?

மூன்றாம் நபருக்கான பாலிசி மட்டும் இருந்தால் கிடைக்காது. சொந்த வண்டியின் சேதத்துக்கும் சேர்த்து எடுத்த பாலிசி என்றால் பொதுவாகக் கிடைக்கும். ஆனால் 'கண்ணாடிகள்' என்று பாலிசியில் எழுதியிருப்பது முன், பின், பக்கவாட்டுக் கண்ணாடிகளை மட்டும் சொல்கிறதா, கூரைக் கண்ணாடியும் அதில் சேருமா என்று வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள். நீங்கள் கையிலிருந்து போட வேண்டிய தொகை, க்ளெய்ம் எடுத்தால் அடுத்த வருடம் பறிபோகும் சலுகை இரண்டையும் கூட்டிப் பாருங்கள். கண்ணாடி மட்டும் மாற்றுவதாக இருந்தால் சில சமயம் க்ளெய்மே எடுக்காமல் இருப்பது லாபம்.

எப்படியானாலும் சொல்லிவிட்டுத்தான் வேலையை ஆரம்பிக்க வேண்டும். வண்டியைச் சுத்தம் செய்து பளபளவென்று வைத்துவிட்டு "உடைந்தது" என்றால் யார் ஒப்புக்கொள்வார்கள்?

வாரண்டியில் மாற்றித் தர மாட்டார்களா?

கேட்டுப் பார்க்கலாம், தப்பில்லை. வழக்கமான பதில் "வெளியிலிருந்து அடிபட்டிருக்கிறது" என்பதாகத்தான் இருக்கும். இங்கேதான் போட்டோ உதவுகிறது. நொறுங்கிய கண்ணாடி இடத்திலேயே நின்றால், கோடுகள் எல்லாம் ஒரு புள்ளியிலிருந்து விசிறிபோல் விரிவது தெரியும். அந்தப் புள்ளிதான் உடைப்பு தொடங்கிய இடம். நடுவில் இருந்து, அங்கே சின்னக் குழியும் இருந்தால் கல். விளிம்பை ஒட்டியோ ஸ்க்ரூ பிடிக்கும் இடத்தை ஒட்டியோ இருந்தால் உங்கள் பக்கம் பேச ஏதோ இருக்கிறது. துண்டுகளைக் கொட்டிவிட்டால் இந்தச் சாட்சி போய்விடும்.

உங்கள் மாடலுக்கு ரீகால் உண்டா என்றும் சேசிஸ் நம்பரை வைத்துப் பாருங்கள். ஹூண்டாய் வெலாஸ்டரின் 2012 மாடல் கார்களில் ஒரு பகுதியை இதற்காகவே அமெரிக்காவில் திரும்ப அழைத்தார்கள். தொழிற்சாலையில் பொருத்தும்போதே, கூரையின் பெரும்பகுதியை மூடும் பனோரமிக் கண்ணாடி பலவீனப்பட்டிருக்கலாம் என்பது காரணம். ரீகால் வருவது மாடல் முழுவதற்கும் அல்ல, குறிப்பிட்ட காலத்தில் தயாரான வண்டிகளுக்கு. அதனால் மாடல் பெயரை மட்டும் வைத்துத் தேடி ஏமாற வேண்டாம்.

கண்ணாடி மட்டும் போதுமா? ஒர்க்‌ஷாப்பில் முழு செட்டையும் மாற்றச் சொல்கிறார்கள்.

ரெயில், கேபிள், மோட்டார் நன்றாக இருந்தால் கண்ணாடி மட்டும் போதும். பல மாடல்களுக்குக் கண்ணாடி தனிப் பாகமாகவே வருகிறது. முழு செட் என்றால் கூரையின் உள்துணியை இறக்க வேண்டும், விலையும் பல மடங்கு. "ஏன் முழுசாக மாற்ற வேண்டும், எந்தப் பாகம் கெட்டிருக்கிறது, காட்டுங்கள்" என்று கேளுங்கள். ரெயில் வளைந்திருப்பதையோ நகரும் துண்டு உடைந்திருப்பதையோ கையால் தொட்டுக் காட்டினால் சரி. "அப்படித்தான் சார் வரும்" என்றால் இன்னோர் இடத்தில் காட்டிவிட்டு முடிவெடுங்கள். மரம் விழுந்தோ வண்டி கவிழ்ந்தோ உடைந்திருந்தால் கதை வேறு. கூரைத் தகடே அசைந்திருக்கும், டிங்கரிங் முடியாமல் கண்ணாடியைப் பற்றிப் பேசவே கூடாது.

சரியான கண்ணாடிதானா என்று எப்படி உறுதி செய்வது?

காரின் பெயரும் வருடமும் போதாது. சன்ரூஃபைப் பெரும்பாலும் கார் கம்பெனி தானே செய்வதில்லை. வெபாஸ்டோ, இனால்ஃபா போன்ற நிறுவனங்கள் செய்து கொடுக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோல் இருக்கும் இரண்டு கண்ணாடிகளில் அடியில் இருக்கும் பிராக்கெட்டும் ஸ்க்ரூ துளையும் மாறியிருக்கும். சேசிஸ் நம்பரைக் கொடுத்துப் பார்ட் நம்பர் வாங்குங்கள். பனோரமிக் என்றால் முன் கண்ணாடியா பின் கண்ணாடியா என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஒன்று நகரும், மற்றது பெரும்பாலும் ஒட்டப்பட்டிருக்கும்.

நிறத்தையும் பாருங்கள். ஒரே கறுப்பாகத் தெரிந்தாலும் வெப்பத்தைத் தடுக்கும் பூச்சு ஒன்றில் இருக்கும், மற்றதில் இருக்காது. தப்பாக வாங்கினால் முதல் வெயிலில் தலை சொல்லிவிடும். ஓரத்தில் விளக்கு, பட்டனை அழுத்தினால் இருளும் வசதி போன்றவை இருந்தால் வயர் இணைப்பும் பொருந்த வேண்டும்.

ரப்பர் பீடிங் தனியாக வருமா, கண்ணாடியோடு வார்த்தே வருமா என்பதையும் கேட்டுவிடுங்கள். பல கண்ணாடிகளில் விளிம்பைச் சுற்றி ரப்பர் போன்ற வார்ப்பு சேர்ந்தே வரும். இல்லாததை வாங்கிவந்து பழையதை உரித்து ஒட்டலாம் என்று யாராவது சொன்னால் நகர்ந்துவிடுங்கள்.

ஒரிஜினலா, வெளிக் கம்பெனியா, செகண்ட் ஹேண்டா?

வெளிக் கம்பெனிக் கண்ணாடி எல்லாம் மட்டம் என்று சொல்ல மாட்டேன். நான் பார்ப்பது இரண்டு: அங்கீகார முத்திரை இருக்கிறதா, வளைவு சரியாக இருக்கிறதா. வளைவு கொஞ்சம் தட்டையாக இருந்தாலும் நான்கு மூலையும் ஒரே மட்டத்தில் உட்காராது. வாங்கும் முன் கூரையின் மேல் மெத்தென்ற துணி விரித்து வைத்துப் பார்க்கச் சொன்னால் தெரிந்துவிடும்.

செகண்ட் ஹேண்ட் கண்ணாடியை நான் பாதி மனதோடுதான் பரிந்துரைப்பேன். விளிம்பு முழுவதும் விரலால் அல்ல, நல்ல வெளிச்சத்தில் கண்ணால் பாருங்கள். ஓர் அரிசி அளவு சில்லு தெறித்திருந்தாலும் வேண்டாம். மேலே சொன்ன அந்த ஒரு மில்லிமீட்டர் கணக்கு இங்கேதான் உதவுகிறது. எப்படிக் கழற்றினார்கள், எங்கே சாய்த்து வைத்தார்கள் என்பது நமக்குத் தெரியாது. டெம்பர்டு கண்ணாடியைச் சிமென்ட் தரையில் மூலை ஊன்றி வைத்தாலே அதன் ஆயுசு கேள்விக்குறி.

துகளைச் சுத்தம் செய்வது அவ்வளவு பெரிய வேலையா?

ஆம். ஃபிட்டிங்கைவிடப் பெரியது. ஒர்க்‌ஷாப்பைத் தேர்ந்தெடுக்கும்போது "கண்ணாடி போட எவ்வளவு" என்று கேட்பதைவிட "ரெயிலை எப்படிச் சுத்தம் செய்வீர்கள்" என்று கேளுங்கள். பதிலிலேயே ஆள் தெரியும்.

வெறும் வாக்குவம் போதாது. பெரிய துண்டுகளை வாக்குவம் எடுக்கும். கிரீஸில் ஒட்டியிருப்பதை எடுக்காது. பழைய கிரீஸையே துணியால் வழித்தெடுத்து, பிரஷ்ஷால் தேய்த்து, மறுபடி துடைத்துப் புது கிரீஸ் வைக்க வேண்டும். அதுவும் அந்த மெக்கானிசத்துக்குச் சொல்லப்பட்ட கிரீஸ். ரப்பரில் பெட்ரோலிய கிரீஸ் பட்டால் உப்பிவிடும், பீடிங்குக்கு சிலிக்கான் வகைதான் சரி.

எனக்குச் செய்துகொடுத்த மெக்கானிக் வயதானவர். சுத்தம் செய்து முடித்ததும் மோட்டாரை ஓட்டவில்லை. நகரும் துண்டைக் கையால் மெதுவாக ரெயிலில் தள்ளிக்கொண்டே போனார். "பாட்டை நிறுத்துங்க சார், கேக்கட்டும்" என்றார். முக்கால் தூரத்தில் ஊசி கீறியதுபோல் ஒரு சின்னச் சத்தம். எனக்குக் கேட்கவே இல்லை. "அண்ணா, ஒண்ணும் இல்லையே" என்றேன். டார்ச் அடித்து, பல்குத்தும் குச்சியின் முனையில் ஒரு பொடியை எடுத்துக் காட்டினார். கடுகில் பாதி இருக்கும்.

முன்பக்கம் காற்றுத் தடுப்பு மடங்கும் இடம், ஷேடு சுருண்டுகொள்ளும் உருளை, டேஷ்போர்டின் மேல் இருக்கும் ஏசி துளைகள், சீட்டுக்கு அடியில் ஓடும் தண்டு, சீட் பெல்ட் கொக்கி நுழையும் வாய் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். துணி சீட் என்றால் வாக்குவத்துக்குப் பிறகு அகல டேப்பை ஒட்டி ஒட்டி உரியுங்கள். வேலை முடியும்வரை ஏசி காற்றை முழு வேகத்தில் வைக்காதீர்கள். துளையில் விழுந்தது கண்ணில் வந்து விழும்.

தண்ணீர் வடியும் குழாயைப் பற்றியும் ஏதோ சொன்னார்களே?

சன்ரூஃப் தண்ணீர் புகாத மூடி என்று நினைப்பது தப்பு. பீடிங்கைத் தாண்டிக் கொஞ்சம் தண்ணீர் வரும், வரத்தான் செய்யும். அதைச் சுற்றியுள்ள தொட்டி போன்ற ஃபிரேம் பிடித்து, பொதுவாக நான்கு மூலையிலும் உள்ள மெல்லிய குழாய்கள் வழியே தூண்களுக்குள் இறக்கிக் காருக்கு அடியில் விட்டுவிடும். கண்ணாடி உடைந்தால் துகள் இந்தத் துளைகளிலும் போய் அடைக்கும். அடுத்த மழையில் கால் மிதி நனையும். "புதுக் கண்ணாடி ஒழுகுகிறது" என்று திரும்பவும் கண்ணாடியைக் கழற்றுவார்கள், பாவம் அது ஒன்றும் செய்திருக்காது.

சோதிப்பது சுலபம். கண்ணாடியைப் போடும் முன் ஒவ்வொரு மூலையிலும் அரை டம்ளர் தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். கீழே அந்தந்தப் பக்கத்தில் சொட்ட வேண்டும். சொட்டவில்லை என்றால் வளையும் நைலான் நரம்பை மெதுவாக விட்டுப் பார்க்கலாம். கம்ப்ரெஸர் காற்றை வேகமாக அடிக்க விடாதீர்கள். உள்ளே எங்கேயோ குழாய் கழன்றுகொள்ளும், அதை மாட்டக் கூரைத் துணியைப் பிரிக்க வேண்டும்.

நானே மாற்றிக்கொள்ளலாமா?

நகரும் வகை என்றால், கை பழக்கமுள்ளவர் செய்யலாம். ஷேடைப் பின்னால் தள்ளி, ஓர மறைப்பைக் கழற்றினால் இரண்டு பக்கமும் நட்சத்திர வடிவக் குழியுள்ள டார்க்ஸ் ஸ்க்ரூக்கள் தெரியும். கண்ணாடி மேல்பக்கமாக வெளியே வரும், மேல்பக்கமாகவே உள்ளே இறங்கும். இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே பிடிக்க, ஒருவர் உள்ளே ஸ்க்ரூ போட. எல்லா ஸ்க்ரூவையும் லேசாகப் பிடிக்கவிட்டு, மட்டம் பார்த்த பிறகே இறுக்க வேண்டும். சர்வீஸ் கையேட்டில் உள்ள இறுக்க அளவு மிகச் சிறியது. எலெக்ட்ரிக் டிரில்லால் இறுக்கினால் ஒன்று துளை போகும், இல்லை கண்ணாடி போகும்.

ஒட்டப்பட்ட கண்ணாடியையும், கூரைத் துணியை இறக்க வேண்டிய வேலையையும் வீட்டில் தொடாதீர்கள். கூரையின் இரு ஓரங்களிலும் பல கார்களில் கர்ட்டன் ஏர்பேக் இருக்கிறது.

ஒட்டும் வகைக் கண்ணாடியில் எதைக் கவனிக்க வேண்டும்?

பழைய பசையை உலோகம் தெரியும்வரை சுரண்டக் கூடாது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விட்டு வெட்டி, அதன் மேல்தான் புதுப் பசை. சுரண்டும்போது பெயின்ட் கீறினால் பிரைமர் அடிக்காமல் மூடக் கூடாது, துரு உள்ளேயே வளர்ந்து பசையைத் தூக்கிவிடும். இந்தப் பாலியூரித்தேன் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகும். எத்தனை மணி நேரம் கழித்து ஓட்டலாம் என்பது பசைக்குப் பசை, தட்பவெப்பத்துக்குத் தகுந்தபடி மாறும். டியூபில் எழுதியிருப்பதைக் கேளுங்கள். முதல் நாள் ஒரு ஜன்னலை விரல் அளவு இறக்கி வையுங்கள். எல்லாம் மூடியிருக்கும்போது கதவை அறைந்தால் உள்காற்று பசையைத் தள்ளும்.

மட்டம் சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

விரலைக் கூரையிலிருந்து கண்ணாடிக்கு இழுத்துப் பாருங்கள். முன் ஓரம் கூரையோடு சமமாக அல்லது ஒரு மயிரிழை தாழ்வாக இருக்க வேண்டும். பின் ஓரம் சமமாக அல்லது ஒரு மயிரிழை உயர்வாக. பெரும்பாலான கார்களில் அனுமதி ஒரு மில்லிமீட்டர் அளவுதான். முன் ஓரம் தூக்கியிருந்தால் வேகத்தில் விசில் அடிக்கும்.

அடுத்து, ஒரு துண்டுக் காகிதத்தைப் பீடிங்கில் வைத்து மூடிவிட்டு இழுங்கள். சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு இடத்தில் இப்படி. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறுக்கமாக வர வேண்டும். எங்கேயாவது வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே தாழ்வு. என் காரில் இடது பின் மூலையில் காகிதம் வெண்ணெயில் கத்திபோல் வந்தது. வேறோர் இடத்தில் முதலில் போட்டவர்கள் அதற்கு மேல் சிலிக்கான் பசை தடவி "இனிமே ஒழுகாது" என்று அனுப்பியிருந்தார்கள். நகரும் கண்ணாடிக்குச் சிலிக்கான் பசை தடவுகிற இடத்தில் வண்டியை விடாதீர்கள்.

மாற்றிய பிறகு ஒரே அழுத்தில் மூட மாட்டேன் என்கிறது, பாதியில் நின்று திரும்பித் திறக்கிறது. பழுதா?

பெரும்பாலும் பழுதல்ல. கை சிக்கினால் நிற்கும் பாதுகாப்பு, மோட்டார் எவ்வளவு விசையில் எங்கே ஓடும் என்று நினைவில் வைத்திருக்கிறது. சர்வதேச விதிகள் இதற்கு வைத்திருக்கும் எல்லை 100 நியூட்டன், கிட்டத்தட்ட பத்துக் கிலோ எடை அழுத்துகிற அளவு. கண்ணாடியும் பீடிங்கும் புதிது என்பதால் பழைய கணக்கு பொருந்தாமல் 'ஏதோ சிக்கிவிட்டது' என்று முடிவெடுக்கிறது. மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டும். பல கார்களில் சுவிட்சைக் குறிப்பிட்ட நேரம் அழுத்திப் பிடித்தாலே ஒரு முழுச் சுற்று ஓடிப் பதிந்துகொள்ளும். முறை காருக்குக் கார் மாறும், உரிமையாளர் கையேட்டில் இருக்கும். அதன் பிறகும் நிற்கிறது என்றால் ரெயிலில் உண்மையாகவே ஏதோ சிக்கியிருக்கிறது. அழுத்திப் பிடித்துப் பலவந்தமாக மூடாதீர்கள்.

பாதுகாப்புக்கு பிலிம் ஒட்டலாமா?

உள்பக்கம் ஒட்டும் நிறமற்ற பாதுகாப்பு பிலிம், உடைந்தால் துண்டுகளைப் பிடித்துக்கொள்ளும், உடையாமல் தடுக்காது. இருட்டான பிலிம் கண்ணாடியின் சூட்டையே கூட்டலாம். வாரண்டி இருந்தால் ஒட்டும் முன் கேளுங்கள்.

கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக்கோ தகடோ வைத்து மூடிவிட்டால்?

வேண்டாம். அக்ரிலிக் கூர்கூராக உடையும், வெயிலில் வளையும். தகட்டை ஒட்டினால் வண்டியை விற்கும் நாளில் தெரியும்.

மொத்தத்தில் எத்தனை நேரம் ஆகும்?

நகரும் கண்ணாடியை மாட்டி மட்டம் பார்க்க ஒன்றிரண்டு மணி நேரம். சுத்தம் செய்ய அதற்கு மேல், அரை நாள்கூட. யாராவது இருபது நிமிடத்தில் தருகிறேன் என்றால், எதைச் செய்யாமல் விடப் போகிறார் என்று யோசியுங்கள்.

புதுக் கண்ணாடியும் உடையுமா?

இன்னொரு கல் பட்டால் உடையும்தான். கல் படாமலே சில மாதத்தில் மறுபடி போனால் கண்ணாடியைக் குறை சொல்லாமல் ஃபிரேமைப் பாருங்கள். திருகலாக இருக்கிறதா, ஸ்க்ரூ சமமாக இறுகியிருக்கிறதா, கூரைக் கேரியரில் அதிக பாரம் ஏற்றினீர்களா என்று.

எல்லாம் முடிந்து பல வாரம் ஆகியும் துகள் வருகிறதே?

வரும். சீட்டை முன்னால் பின்னால் நகர்த்தும்போதும் மேடு பள்ளத்தில் குலுங்கும்போதும் ஒளிந்திருந்தது வெளியே வரும். கீழே, சீட்டில் கிடைத்தால் வாக்குவம் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள். மேலே ஷேடு பக்கத்திலிருந்து விழுந்தால் மட்டும் ரெயிலைத் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள். எனக்குக் கடைசித் துண்டு ஆறு மாதம் கழித்துக் கிடைத்தது. பின்சீட்டில் பெல்ட் கொக்கி மாட்டவே இல்லை. அது நுழையும் வாயைத் தலைகீழாகத் தட்டினேன், பச்சையாக ஒரு மணி உருண்டு உள்ளங்கையில் விழுந்தது.